தரை உயர்ந்த ஆண்டு

"வெளிநாட்டு நண்பர்களின் அன்பளிப்பினால் இத்தரை மீளமைக்கப்பட்டு எமது இளைஞர் யுவதிகளின் பாவனைக்காகத் திறந்து வைக்கப்பட்டது. வைகாசி 200". தரையில் பதித்திருந்த கருங்கல்லில் உள்ளது இவ்வளவுதான். கடைசி இலக்கம் இருந்த மூலை முறிந்துவிட்டது. எங்கள் வாவிக்கரைக் கூடைப்பந்துத் திடலின் தரையை இந்த ஆண்டு மாரிக்கு முன்னர் உடைத்தார்கள். உடைக்கும் இயந்திரத்தின் அலகு சரியாக அந்த மூலையில் இறங்கியிருக்கிறது. மற்ற எழுத்தெல்லாம் பழுதில்லாமல் தப்பி, எனக்கு வேண்டிய ஒரே ஓர் இலக்கம் மட்டும் போனது தற்செயல் என்று எல்லாரும் சொன்னார்கள். எல்லாரும் ஒரே குரலில் தற்செயல் என்று சொல்லும் விஷயங்களை நான் இரண்டாம் தரமும் பார்ப்பவன்.

மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞனாக இருந்து முற்கூட்டியே ஓய்வுபெற்றேன். ஊரில் நடப்பவற்றைத் திகதியோடு குறித்து வைப்பது எனக்கு இளமையிலிருந்தே பழக்கம். அதற்காக யாரும் எனக்குச் சம்பளம் தந்ததில்லை; சிலர் எரிச்சல்பட்டிருக்கிறார்கள். திடலில் ஆட்டம் நடந்தால் மேசையில் இருந்து புள்ளி பதிகிறவனும் நான்தான். ஆகவே தரையை உடைத்துக்கொண்டிருந்த மேசன் என்னைத் தேடி ஆள் அனுப்பியதில் வியப்பில்லை. போனபோது அவர் பள்ளத்துக்குள் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இஞ்ச வந்து பாருங்க. கோட்டுக்குக் கீழ இன்னொரு கோட் கிடக்கு."

உண்மைதான். உடைந்த தரைக்குக் கீழே பழைய தரை முழுதாகக் கிடந்தது. மங்கிய மஞ்சள் கோடுகள், நடு வட்டம், ஒரு மூலையில் பெரிய சூறாவளிக்குப் பிந்திய காலத்துப் பெயர்க்கல். வளையத்தைத் தாங்கும் தூண்கள் இரண்டும் பழைய ரயில் தண்டவாளத் துண்டுகள். அவை பழைய தரையில் நாட்டப்பட்டவை. புதிய தரை அவற்றின் கால்களைச் சுற்றி ஊற்றப்பட்டிருந்தது. தூணை யாரும் உயர்த்தவில்லை. மேசன் தன் அளவு நாடாவை வளையத்திலிருந்து தொங்கவிட்டுக் காட்டினார். பழைய தரையிலிருந்து அளந்தால் முறைப்படியான பத்தடி. புதிய தரையிலிருந்து அளந்தால் ஒரு கையகலம் குறைவு. அதாவது, எத்தனையோ ஆண்டுகளாக எங்கள் ஊர் பதிந்த, அதாவது உயரம் குறைந்த, வளையத்தில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

இந்தப் பிழை எங்கள் ஊரில்தான் நடக்க முடியும். பழைய தரையில் ஒரு பாதிரியாரின் பெயர் பொறித்த கல் இருந்தது. தூண்களைச் செபம் சொல்லி மந்திரித்து நாட்டியவர் அவர். அந்தத் தரையை உடைத்தால் செத்துப்போன நல்ல மனிதரின் பெயரை உடைத்ததாகிவிடும். ஆனால் மூடலாம். மூடினால் அவமரியாதை இல்லை. கீழே பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். காசு தந்த வெளிநாட்டு நண்பர்களும் தரைக்கென்றுதான் தந்திருப்பார்கள். தூணுக்கென்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இப்படி ஒரு மரியாதையின் மேல் இன்னொரு மரியாதையை ஊற்றி, ஒரு கல்லின் மேல் இன்னொரு கல்லைப் பதித்து, ரிப்பன் வெட்டியிருக்கிறார்கள். வெளியூர் அணிகள் வந்து ஆடும்போது எங்களைச் சீண்டுவது எனக்கு நினைவுக்கு வந்தது. "இது வளையமா, உறியா?" என்பார்கள். "மட்டக்களப்பாரிட மந்திரம், பந்து தானா விழுகுது" என்று ஒரு திருகோணமலைக்காரர் என் மேசையில் கையூன்றிச் சொன்னார். தோற்றவர்களின் பேச்சு என்று நாங்கள் சிரித்தோம். மந்திரம் சீமெந்தில் இருந்திருக்கிறது.

அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நின்றபோது எனக்கு அத்தானின் விரல் நினைவுக்கு வந்தது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். ஆறடிக்கு மேல் நாலு விரற்கடை உயரம். எங்கள் பக்கத்தில் அது வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். வாழைச்சேனைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் பாளம் தூக்குகிற வேலை. எங்கள் நகர அணியின் சென்டர் அவர். சென்டர் என்றால் அந்தக் காலத்தில் அர்த்தம் தெளிவானது. வளையத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். முதுகால் எதிராளியைத் தள்ளி இடம் பிடிப்பார். பந்து உள்ளே வந்ததும் ஒரு கால் ஊன்றித் திரும்பி, தலைக்கு மேலால் வளைத்து ஒற்றைக் கையால் விடுவார். பந்து வளையத்தின் முன் விளிம்பை உரசாமல் உள்ளே விழும். அவர் ஓடமாட்டார். ஓட வேண்டியதில்லை. மற்ற நாலு பேரும் ஓடுவது அவரிடம் பந்தைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குத்தான்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் அவர் ஒரு காரியம் செய்வார். எல்லாரும் பந்து எறிந்து பழகும்போது அவர் மட்டும் வளையத்துக்கு நேர் கீழே போய் நின்று, குதிக்காமல், குதிக்கால் உயர்த்தாமல், வலக்கையை நீட்டி வலையின் கடைசிக் கண்ணியில் நடுவிரலைக் கொழுவுவார். கோயிலுக்குள் நுழைகிறவர் தீர்த்தத்தில் விரல் நனைப்பதுபோல ஒரு கணம். பிறகு கையை இறக்கிக்கொண்டு வருவார். அது அவருக்குச் சகுனமா, அளவா என்று நான் கேட்டதில்லை.

போர் நின்றிருந்த சமாதான காலத்தில், சுனாமிக்கு முந்திய ஆண்டின் ஆடி மாதம், எங்கள் திடலில் நடந்த ஆட்டமொன்றில் அவர் பந்தை எறியாமல் கையோடு கொண்டுபோய் வளையத்துக்குள் திணித்தார். எங்கள் ஊரில் அதுவரை யாரும் அப்படிச் செய்து நான் பதிந்ததில்லை. தண்டவாளத் தூண் அதிர்ந்தது. வளையத்தின் துரு உதிர்ந்து அவர் தலையிலும் கண்ணிலும் விழுந்தது. பிறகு வீதியில் நின்ற ஒரு வான்காரன் ஹோனை அடித்துக்கொண்டே இருந்தான். அக்கா பார்வையாளர் பக்கம் இருந்தாள். ஆட்டம் முடிந்ததும் அவர் தலையைக் குனியவைத்து முடிக்குள்ளிருந்து துருவைப் பொறுக்கினாள். "என்னகா, பேன் பாக்கிறியா?" என்று ஒருத்தி கேட்க எல்லாரும் சிரித்தார்கள். இன்றைக்கும் சந்தையில் அவரைத் தெரியாதவர்களுக்கு அறிமுகம் செய்வது அந்த ஒரு செயலால்தான். "வளையத்துக்குள்ள கையால போட்டவர்" என்றால் போதும்.

அந்த ஆண்டுகளில் எனக்கு அம்பாறையில் வேலை. ஆட்டத்துக்கு மட்டும் பஸ் ஏறி வந்து போவேன். தரை புதிதா பழையதா என்று என் நினைவில் இல்லை. கண் மேலே வளையத்தில் இருக்கும், இல்லாவிட்டால் என் தாளில். அந்தத் திடலில் யாரும் தரையைப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த மாதமே கொழும்புப் பயணம் வந்தது. கொழும்பில் வர்த்தக நிறுவனங்கள் தங்கள் அணிக்காக ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து எடுக்கும். அப்படி ஒரு நிறுவனம் எங்களை ஒரு பழகு ஆட்டத்துக்கு அழைத்திருந்தது. நன்றாக ஆடுகிற ஒருவருக்கு வேலை என்று பேச்சு. ஐஸ் தொழிற்சாலை அப்போது மூடும் நிலையில் இருந்தது. அக்காவுக்கு வயிற்றில் மூத்தவள். அந்த வேலை கிடைக்காவிட்டால் அத்தானுக்கு வெளிநாடுதான் வழி. இது அணியில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் பயிற்றுநருக்கும் தெரியும்.

பயிற்றுநரை நாங்கள் மாஸ்டர் என்போம். போர்த்துக்கேயர் வழிவந்த நகரத்துப் பறங்கியர் குடும்பம், நல்ல மனிதர் என்ற பெயர். அவருடைய மருமகன், அதாவது தங்கை மகன், எங்கள் அணியில் கட்டையான, வேகமான, தூர நின்று எறிகிற பெடியன். கொழும்புக்குப் போவதற்கு முந்திய வாரங்களில் மாஸ்டர் அந்த மருமகனைத் திடலில் பழகவிடவில்லை. கல்லடிப் பாலத்துக்கு அப்பால் ஒரு கோயில் வளவில் இருந்த வளையத்துக்குத் தினமும் காலையில் கூட்டிப் போனார். "அங்க காத்து நல்லம்" என்றார். வாவிக்கரையில் இல்லாத காற்று அங்கே என்ன என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பின்னால் தோன்றியது.

கொழும்பில் மரத்தரை போட்ட உள்ளரங்கு. புள்ளி பதிய நானும் போயிருந்தேன். அத்தான் வழக்கம்போல வளையத்தடிக்குப் போய் நின்று கையை நீட்டினார். விரல் வலையைத் தொடவில்லை. கொஞ்சம் உந்தினார். அப்போதும் இல்லை. கையை இறக்கி உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என் மேசைப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே, "மச்சான், நான் சுருங்கிட்டனா?" என்றார். நானும் சிரித்தேன். வலை புதிது, இழுபடாதது, அதனால் குட்டையாய்த் தொங்குகிறது என்று நினைத்தேன். அது உண்மையாகவும் இருக்கலாம். எங்கள் வலை மழையிலும் வெயிலிலும் கிடந்து நீண்ட பழைய நைலோன் வலை. விரலை மட்டும் சாட்சியாக வைத்து நான் எதையும் நிரூபிக்க முடியாது.

ஆட்டம் தொடங்கியது. அவருடைய ஒற்றைக் கை எறி முன் விளிம்பில் அடித்துத் திரும்பியது. மறுபடியும் முன் விளிம்பு. அதற்குப் பிறகும் அதே இடம். பக்கவாட்டில் பிசகவில்லை, ஒவ்வொன்றும் ஒரு கையகலம் கட்டை. இடைவேளைக்கு முன்னரே மாஸ்டர் அவரை வெளியே எடுத்தார். நான் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. ஆச்சரியமும் இல்லை. என் சந்தேகம் அந்த முகத்தில் தொடங்கியது. மருமகன் வெளிக்கோட்டில் நின்று எறிந்த பந்துகள் ஒழுங்காக விழுந்தன. வேலை அவருக்குப் போனது. திரும்பி வரும்போது பஸ்ஸில் மாஸ்டர் எல்லாரும் கேட்கச் சொன்னார்:

"பெரிய மனிசன்ட காலம் முடிஞ்சு போச்சு. இனி ஓடுறவனும் எறியிறவனும்தான். உலகமே மாறிட்டு."

அத்தான் யன்னல் பக்கம் இருந்தார். "ஓம் மாஸ்டர்" என்றார். இரண்டு மாதத்தில் கட்டாருக்குப் போய்விட்டார். மகள் பிறந்ததை அவர் தொலைபேசியில்தான் கேட்டார்.

மாஸ்டரின் அந்த வாக்கியத்தை நான் பல ஆண்டுகள் வைத்துப் பார்த்திருக்கிறேன். இன்று யாரிடம் சொன்னாலும் சரி என்றுதான் சொல்வார்கள். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் வளையத்தடியில் முதுகு காட்டி நிற்கும் மலை மனிதர்களுக்கு இப்போது இடம் குறைந்துவிட்டது. கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தால் மூன்று, உள்ளேயிருந்து போட்டால் இரண்டு. இந்தச் சின்னக் கணக்கை எல்லா அணிகளும் ஒருநாள் ஒழுங்காகப் போட்டுப் பார்த்துவிட்டன. ஏழடி மனிதரையும் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். எறிவதற்காக மட்டுமல்ல, அவரைத் தடுக்க நிற்கிற எதிரணி உயரமானவனும் அவரோடு வெளியே வந்துவிடுவான், வளையத்தடி வெறுமையாகும், ஓடுகிறவன் உள்ளே புகலாம். எறியவும் தெரியாது, ஓடவும் முடியாது, முதுகால் தள்ளி இடம் பிடிக்க மட்டும் தெரியும் என்கிற பழைய சென்டர் இப்போது இருக்கையில் இருந்து கைதட்டுகிறார்.

இதெல்லாம் உண்மை. ஆனால் எப்போது உண்மையானது? நான் திகதி பார்க்கிறவன். சமாதான காலத்து அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் வெற்றிக் கோப்பைகளை எடுத்தவை நடுவில் ஒரு மலை மனிதரை வைத்திருந்த அணிகள். அப்போதைய சஞ்சிகைகள் என்னிடம் இருக்கின்றன. எல்லாம் அந்த மனிதர்களின் படங்கள். பெரிய மனிதர்களின் காலம் முடிந்தது என்று உலகம் சொல்லத் தொடங்க இன்னும் ஏறக்குறைய பத்தாண்டு இருந்தது. மட்டக்களப்புக்குத் திரும்பும் பஸ்ஸில் இருந்த ஒரு பயிற்றுநருக்கு அது எப்படி முன்கூட்டித் தெரிந்தது? ஒன்று, அவர் தீர்க்கதரிசி. அல்லது அந்த வாக்கியம் அன்றைக்கு அவருக்கு வேறெதையோ மூடத் தேவைப்பட்டது. உலகம் மாறிவிட்டது என்பது ஊற்றுவதற்கு வசதியான சீமெந்து. கீழே என்ன கிடக்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அத்தான் நீண்ட ஆண்டுகள் கட்டாரில் களஞ்சியங்களில் பொதி தூக்கி, தோள் பழுதாகித் திரும்பி வந்தார். இப்போது மாலையில் அக்கா வீட்டு மாமரத்தின் கீழ் பிளாஸ்டிக் கதிரை போட்டு, தொலைபேசியில் அமெரிக்க ஆட்டங்களின் துண்டுகளைப் பார்ப்பார். நானும் போய் இருப்பேன். ஓர் ஏழடி மனிதர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிவதைக் காட்டி ஒருநாள் சொன்னார்:

"பாரு மச்சான். வீட்டுக்காரனே கேற்றுக்கு வெளியால நிண்டு கூப்பிடுற மாதிரி இரிக்கு."

"உள்ள போக வழியில்லையாக்கும், அத்தான்."

"வழி இல்லையோ, ஆரும் விடயில்லையோ" என்றவர், பிறகு தன் வலக்கையை விரித்துப் பார்த்துவிட்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "மாஸ்டர் சொன்னது சரிதான். காலம் முடிஞ்சு. அதோட என்ட கையும் பிழைச்சிட்டு." அந்தப் பேச்சு அவரிடமிருந்து வரும்போதெல்லாம் அக்கா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஆகவே அந்தப் பள்ளத்தில் கல்லைக் கண்டபோது நான் சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்கவில்லை. தரை கொழும்புப் பயணத்துக்கு முன் போடப்பட்டிருந்தால், அத்தானின் கை பதிந்த வளையத்துக்குப் பழகிய கை. சரியான வளையத்தில் அது கட்டையாக விழுந்ததற்குக் கை பொறுப்பில்லை. வேறு வளையத்தில் பழகவென்று மருமகனைப் பாலம் தாண்டிக் கூட்டிப்போன மாஸ்டருக்கு அது தெரிந்திருந்தது என்று நினைக்கவும் இடமுண்டு. சுனாமிக்குப் பிறகு போடப்பட்டிருந்தால் என் சந்தேகம் முழுவதும் விழுந்துவிடும். எல்லாம் அந்த ஓர் இலக்கத்தில்.

விசாரித்தேன். அக்காலத்தில் கழகச் செயலாளராக இருந்தவர் யோசிக்காமலே சொன்னார்: "சுனாமிக்குப் பிறகுதான். அந்த நேரம் காசு கொண்டுவந்த வெள்ளைக்காரருக்குக் கணக்கில்ல. ஆருக்கு என்ன கட்டிக் குடுக்கிறதெண்டு அவங்களே தேடித் திரிஞ்சவங்க." காத்தான்குடியில் காலஞ்சென்ற தகப்பனின் சீமெந்து வியாபாரத்தை நடத்துகிற ஒருவர் அதே அளவு உறுதியோடு மறுத்தார். "இல்ல சேர். சண்டை நிண்டு பாதை திறந்து, சீமெந்துக்கு இருந்த கெடுபிடி நீங்கின நேரம் நம்மட வாப்பாட கடையில இரிந்துதான் அந்தக் கோட்டுக்கு மூட்டை போன. லொறியில நானும் ஏறிப் போன. வாப்பா மௌத்தாகினது சுனாமிக்கு முந்தி. பொறகெப்படி?" இரண்டும் நல்ல சாட்சியம். இரண்டும் பொருந்தவில்லை. வியாபாரியின் மூட்டைகள் சுற்றுமதிலுக்குப் போயிருக்கலாம். செயலாளர் வேறொரு திடலை நினைத்திருக்கலாம். அக்காலப் பத்திரிகைகளைப் புரட்டினேன். திறப்புவிழாச் செய்தி எதுவும் கண்ணில் படவில்லை. மாஸ்டர் அவுஸ்திரேலியாவில் காலமாகிவிட்டார். மருமகனோடு தொலைபேசியில் பேசினேன். மரியாதையாகப் பேசினார். "மாமா அங்க போவம் எண்டார், போன. ஏனெண்டு நான் கேக்கயில்ல அண்ணன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவர் இப்ப சுகமா இரிக்காரா?" என்று அத்தானைக் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு இவ்வளவு காலம் ஏன் எடுத்தது என்றும் நான் யோசித்தேன்.

கல்லைச் சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒரு பின்னேரம் கல்லடிப் பாலத்துக்கு அப்பால் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். இருவரையும் இருத்திவிட்டு, கல்லை நிலத்தில் வைத்து, மேசன் அளந்ததைச் சொன்னேன். கொழும்பில் பந்து ஒவ்வொன்றும் ஒரே அளவு கட்டையாக விழுந்ததைச் சொன்னேன்.

"அத்தான், அது உங்கட கைப்பிழை இல்ல. நம்மட வளையம் பதிஞ்சு கிடந்திரிக்கு."

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தான் கல்லைப் பார்த்தபடி இருந்தார். அவர் முகம் தெளியும் என்று நான் காத்திருந்தேன். தெளியவில்லை. நெற்றி சுருங்கியது.

"எப்ப தொடக்கம்?"

"அதுதான் தெரியல்ல. மூலை உடைஞ்சிட்டு."

"அப்ப..." என்று நிறுத்தினார். வலக்கை தன்பாட்டில் மேலே போய் மாமரக் கிளையின் ஓர் இலையைத் தொட்டு இறங்கியது. "அப்ப அண்டைக்கு நான் கையால போட்டது?"

அந்தக் கேள்வி என் மனதில் எழவே இல்லை. நான் கொழும்பை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதற்கு முந்திய மாதத்தைப் பார்த்தார். வளையம் பதிந்திருந்தால் கொழும்பில் பிழை விட்டது அவர் கை இல்லை. ஆனால் ஆடி மாதத்தில் ஊர் முழுதும் பார்த்துக்கொண்டிருக்கத் துரு உதிர உதிர வளையத்துக்குள் போன கையும் முழுக்க அவருடையது இல்லை. ஒரு கையகலம் சீமெந்தும் சேர்ந்து போட்டது அது. நான் அவருக்கு ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போய், மற்றதை எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் அதிக நேரம் எடுக்கவில்லை. "இல்ல மச்சான்" என்றார். குரல் உறுதியாக இருந்தது. "இந்தத் தரை நான் கட்டார் போனதுக்குப் பிறகு போட்டது. நான் பழைய தரையிலதான் விளையாடின."

"நல்லா ஞாபகமா, அத்தான்?"

"நான் விழுந்து எழும்பின தரை எனக்குத் தெரியாதா? கொழும்பில பிழைச்சது என்ட கைதான். அதுக்கு ஆரும் பொறுப்பில்ல. மாஸ்டர் பாவம்." பிறகு சிரித்தார். எத்தனையோ ஆண்டுகளாகச் சுமந்த குற்றத்தை ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷமாகத் திரும்ப ஏற்றுக்கொண்டதை நான் கண்டதில்லை. "தேத்தண்ணி போடு புள்ள. இவன் அந்தப் பாலம் கடந்து கல்லுச் சுமந்து வந்திரிக்கான்."

தேநீர் குடித்து எழும்பியபோது, "கல்ல வெச்சிட்டுப் போ" என்றார். வைத்துவிட்டு வந்தேன். எழுத்துகளைத்தான் ஏற்கெனவே படியெடுத்திருந்தேனே.

ஆனால் அவ்வளவு விரைவாக வந்த ஞாபகத்தை நான் நம்பவில்லை. உடைத்த தரையின் கொங்கிறீட் கட்டிகளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, மண்டூர்ப் பக்கம் ஒரு வயல் வட்டைக்குள் போகும் பாதையின் பள்ளங்களை நிரப்பக் கொண்டுபோனதாக மேசன் சொல்லியிருந்தார். கல்லின் மூலை அதற்குள் போயிருக்க வேண்டும். சில நாள் கழித்து அங்கே போனேன். விதைப்புக்கு வரம்பு கட்டிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஐயாவும் கல்லுத் தேடித்தானோ?"

"வேற ஆரும் வந்தவங்களா?"

"முந்தநாள் ஒரு நெட்டை மனிசன் வந்தாரு. அம்மாடி, என்ன உயரம்! வெயில் இறங்குமட்டும் குனிஞ்சு குனிஞ்சு பொறட்டினாரு. இடுப்பு முறியப் போகுது எண்டன், கேக்கல்ல."

"ஏதும் எடுத்தாரா?"

"சேட்டுப் பொக்கட்டுக்குள்ள என்னமோ வெச்ச மாதிரி இரிந்திச்சு. கல்லோ, வேர்வை துடைச்ச லேஞ்சியோ? என்ட கண் வரம்பில, ஐயா. என்னய்யா அது, தங்கமா?"

நானும் புரட்டிப் பார்த்தேன். மஞ்சள் கோட்டின் துண்டுகள் அகப்பட்டன. எழுத்துள்ள எதுவும் இல்லை. தான் புதிய தரையில் ஆடவே இல்லை என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னவர், அந்தத் தரையின் திகதியைத் தேடி இவ்வளவு தூரம் ஏன் வந்தார் என்பதுதான் திரும்பி வரும் வழி முழுவதும் என் கேள்வி.

இப்போது திடலில் புதிய தூண்கள் நிற்கின்றன. வளையம் சரியான பத்தடி. நானே போய் அளந்தேன். புதிய பெயர்க்கல்லைத் தரையில் பதிக்காமல் மதிலில் பதிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் தூர நின்று எறிந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களில் உயரமானவளும் கோட்டுக்கு வெளியேதான் நிற்கிறாள். அவள் அக்காவின் இளையவள். வந்து பாருங்கள் என்று அத்தானை அழைத்தேன். தோள் நோகுது என்றார்.

போன ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போனபோது கால் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். அங்கே கல் கிடந்தது. எழுத்துப் பக்கம் கீழே பார்க்கப் போட்டு, மேலே நின்று கால் கழுவ வசதியாக அத்தான் பதித்திருந்தார். முறிந்த மூலையில் மட்டும் கல் நிலத்தில் முட்டாமல் இடைவெளி இருந்ததால், அதற்கு அடியில் ஒரு சிறு துண்டை முட்டுக் கொடுத்திருந்தார். துண்டின் மேல் பாசியும் சேறும். கருங்கல்லா, வெறும் கொங்கிறீட்டா என்று தெரியவில்லை. அந்த இடைவெளிக்கு அது கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. நான் குனிந்து விரலை வைத்தேன்.

"தம்பி, அதைத் தூக்காத" என்று அக்கா குசினி வாசலில் நின்று சொன்னாள். "கல் ஆடும்."

மாமரத்தின் கீழ் அத்தான் தொலைபேசியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பவில்லை, ஆனால் சத்தத்தைக் குறைத்திருந்தார். நான் காலைக் கழுவிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் இருந்தேன்.

தரை போடப்பட்ட ஆண்டு, இதை எழுதும்வரை, உறுதிப்படுத்தப்படவில்லை.